மூன்று கட்டைவிரல்கள்

மாட்டுப் பொங்கல் ராத்திரி. கோவில்பட்டி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அப்பா, அம்மா, நான், மனைவி, மகள், தங்கை, அவள் மகன். தட்டு நிறையக் கடலை மிட்டாய். மகள் தன் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து நடுவில் வைத்தாள். அவலான் என்று பெயர். கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் துரோகிகளைக் கண்டுபிடிக்கிற ஆட்டம்.

அம்மா கேட்டவுடனே, “ராஜா ராணி சீட்டு மாதிரியா?” என்றாள். ஏறக்குறைய அப்படித்தான். துண்டுத் தாளில் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி, மடித்து, குலுக்கிப் போட்டு எடுப்போமே, அந்த ஆட்டம். எங்கள் வீட்டுக் கணக்கில் ராஜாவுக்கு 1000, திருடனுக்கு 0. போலீஸ் தப்பான ஆளைக் காட்டினால் அவருடைய மதிப்பெண் திருடனுக்குப் போய்விடும். மழை நாளில் மின்சாரம் போனால் இந்த ஆட்டம்தான். ஆனால் அதில் போலீஸுக்கு முகத்தை விட்டால் வேறு தடயம் கிடையாது. ஒரே ஒரு ஊகம், அதோடு முடிந்தது.

மகள் கொண்டுவந்த ஆட்டத்துக்கு வேறு ஒரு வம்சாவளி உண்டு. 1980-களில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த திமித்ரி தவிதோவ் ‘மாஃபியா’ என்று ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். யார் யார் என்று தெரிந்த சிறு கூட்டம் ஒரு பக்கம், ஒன்றுமே தெரியாத பெரிய கூட்டம் மறுபக்கம். அந்த ஒரே கருவை வைத்துக்கொண்டு அது மாணவர் விடுதிகள் வழியாக நாடு நாடாகப் பரவியது. 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதை ஓநாய் மனிதர்களின் கதையாக்கினார். அந்த ஆட்டங்களில் ஒரு பெரிய குறை உண்டு. முதல் சுற்றிலேயே ‘செத்துப்போனவர்’ ஆட்டம் முடியும்வரை ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாவை அப்படி வெளியேற்றினால் நேரே அடுப்படிக்குத்தான் போவாள், திரும்பி வரமாட்டாள். டான் எஸ்க்ரிட்ஜ் 2009-இல் ‘ரெசிஸ்டன்ஸ்’ ஆட்டத்திலும் 2012-இல் அவலானிலும் அதை மாற்றினார். இவற்றில் யாரும் சாவதில்லை. கடைசிவரை எல்லாரும் பாயில்தான். குடும்பத்தோடு ஆடுவதற்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை என்பேன்.

ஏழு பேர் ஆடினால் நான்கு பேர் ஆர்தர் அரசர் பக்கம், மூன்று பேர் எதிராளிகள். தலைவர் மாறி மாறி ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு குழுவைச் சொல்ல, அது போகலாமா என்று எல்லாரும் ஓட்டுப் போட வேண்டும். போனவர்கள் வெற்றிச் சீட்டையோ தோல்விச் சீட்டையோ மறைத்துப் போடுவார்கள். தோல்வி போடும் உரிமை எதிராளிக்கு மட்டும். ஐந்து பயணத்தில் மூன்று ஜெயித்தால் நல்லவர்கள் பக்கம் வெற்றி.

நல்லவர்கள் பக்கத்தில் மெர்லின் என்று ஒருவர் உண்டு. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு முஷ்டியை நீட்டியிருக்க, எதிராளிகள் கட்டைவிரலை மட்டும் உயர்த்துவார்கள். மெர்லின் மட்டும் கண்ணைத் திறந்து அதைப் பார்த்துக்கொள்வார். எல்லாம் தெரியும், வெளிப்படையாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் நல்லவர்கள் ஜெயித்த பிறகும், எதிராளிகளில் ஒருவரான கொலையாளி, ‘இவர்தான் மெர்லின்’ என்று சரியாகக் காட்டிவிட்டால் வெற்றி அவர்கள் பக்கம் போய்விடும்.

மகள் இதை விளக்கியபோது அம்மா சொன்னாள்: “எல்லாம் தெரியணும், தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கிடக் கூடாது. அவ்வளவுதான?”

வீட்டுக்குள் பொய்யைப் பழக்குகிற ஆட்டம் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதில் பொய் சொல்வது சுலபம். தெரிந்த உண்மையைப் பக்குவமாக வைத்துக்கொள்வதுதான் கடினம். அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன்.

முதல் பயணம் ஜெயித்தது. இரண்டாவதுக்கு நான் தலைவர். என்னையும் மனைவியையும் மகளையும் சொன்னேன். அம்மா சம்மதம் என்று ஓட்டுப் போட்டாள். ஒரு தோல்விச் சீட்டு விழுந்து பயணம் கவிழ்ந்தது. அது யார் போட்டது என்று கூடமே இரைந்தது. அம்மா மட்டும், “பேத்திய ஏன் பாக்கிய, அவ மொகம் தெளிவா இருக்கு” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மிட்டாயை உடைத்துப் பேரன் கையில் கொடுத்தாள். மூன்றாவது பயணத்துக்கு அம்மா, மகள், தங்கை போனார்கள். ஜெயித்தது. நான்காவதில் அவர்களோடு பேரனும் சேர்ந்துகொண்டான். அவன் தோல்வியைப் போட்டான். ஆனால் ஏழு பேர் ஆட்டத்தில் நான்காவது பயணம் கவிழ இரண்டு தோல்விச் சீட்டு வேண்டும். அப்படி நாங்கள் மூன்றாவது வெற்றியைப் பிடித்தோம்.

எதிராளிகள் வெளிப்பட்டார்கள். என் மனைவி, தங்கை மகன், அப்பா. கொலையாளிச் சீட்டு அப்பாவிடம்.

அப்பா யாரையும் கலந்துகொள்ளவில்லை. வட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அம்மாவைக் காட்டினார். அம்மா சீட்டைத் திருப்பினாள். மெர்லின்.

எனக்கு ஒன்று புரியவில்லை. “மருமக எதிர்ப்பக்கம்னு தெரிஞ்சும் ஏம்மா சம்மதம்னு போட்ட?”

“எடுத்த எடுப்புல மருமக வேண்டாம்னு நான் சொன்னா, அது ஆட்டத்துல சொன்னதா இருக்குமா?”

என் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருடத்தில் இந்த வீட்டில் எத்தனை முறை அம்மா இப்படி ஓட்டுப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கை அப்பாவிடம் கேட்டாள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று.

“ஒரு மணி நேரமா உங்கம்மா எல்லார் மொகத்தையும் பாத்தா. என்னைய மட்டும் பாக்கல. நான் எதிர்ப்பக்கம்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “கல்லுக்கம்மல் அடகுக் கடையில கெடந்த நாலு மாசமும் இப்படித்தான். என் மொகத்தப் பாத்து ஒரு நா சோறு வைக்கல.”

1996. நான் கல்லூரி முதலாண்டு. கட்டணத்துக்கு அப்பா கொடுத்த பணத்தைத் திருநெல்வேலி பஸ் நிலையத்தில் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டு வந்து நின்றேன். அம்மா கம்மலைக் கழற்றி அடகு வைத்துவிட்டு, அதே மாதிரி கவரிங் வாங்கி மாட்டிக்கொண்டாள். அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

பிள்ளைகளுக்குக் கதை விளங்கவில்லை. அம்மா மெர்லின் சீட்டைப் பாயில் குப்புற வைத்தாள். வெகுநேரம் கழித்து அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“அதான் அப்ப வீட்டுச் செலவுக்கு மாசம் நூறு ரூபா கூடத் தந்தீகளா?”

அப்பா பதில் சொல்லவில்லை. சிதறிக் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி, என் மகளிடம் நீட்டினார்.

“இன்னொரு ஆட்டம் போடு தாயி.”