வாடினால் பிழைக்கும், ஊறினால் அழுகும்!

கேள்வி: “ரோஜாப்பூ அடுக்குபோல இலை விரியும் கலர் செடிகளை ஆன்லைனில் வாங்கி முற்றத்தில் வைத்தோம். தினமும் தண்ணீர் ஊற்றியும் இரண்டே மாதத்தில் அழுகிவிட்டன. உவர்த் தண்ணீருக்கும் உப்புக் காற்றுக்கும் தாங்கும் செடிகள் எவை? அவற்றில் கன்று எடுத்து விற்க முடியுமா?”
- வாசகி, ஆறுமுகநேரி.

பதில்: தினமும் தண்ணீர் ஊற்றியதுதான் அழுகலுக்குக் காரணம். இந்தச் செடிகள் இலையிலேயே நீரைச் சேமித்து வைப்பவை. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் மட்டும் திறப்பதால் நீர் இழப்பு மிகக் குறைவு. வேரைச் சுற்றி ஈரம் நின்றால் பூஞ்சாணம் தாக்கி, அடித்தண்டு பழுப்பாகிக் குழைந்துவிடும்.

ஆன்லைனில் பெரும்பாலும் கிடைப்பது எச்செவேரியா. மெக்சிகோவின் மலைப்பகுதிச் செடியான இதற்கு இரவில் குளிர்ச்சி வேண்டும். கடலோரப் புழுக்கத்தில் இதைக் காப்பாற்றுவது சிரமம். பணம் போட்டு மறுபடி வாங்க வேண்டாம்.

எதை வைக்கலாம்?

சோற்றுக்கற்றாழையும், மஞ்சள் விளிம்புள்ள ஆனைக்கற்றாழையும் ஓரளவு உவர்ப்பைத் தாங்கும். ஆனைக்கற்றாழையின் நுனி முள் கண்ணில் குத்திவிடும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் வைக்கக் கூடாது. அதன் சாறு பட்டால் தோல் அரிக்கும், கையுறை அவசியம்.

அன்னாசிக் குடும்பத்திலும் மண்ணில் வேரூன்றி வளரும் அழகுச் செடிகள் உண்டு. தென் அமெரிக்காவின் டிக்கியா, வெள்ளி நிறத்திலும் செம்பு நிறத்திலும் முள் இலைகளோடு விரியும்; வறட்சியைத் தாங்கும். வரி விழுந்த இலையுடைய அழகு அன்னாசியும் தொட்டிக்கு ஏற்றது. இவற்றுக்கு உவர்த் தண்ணீர் கூடாது. மழைநீரைச் சேமித்து ஊற்றுவது நல்லது. அதே குடும்பத்தில், நடுக்குருத்தில் கிண்ணம்போல நீர் தேங்கும் வகைகளும் உண்டு. அதில் கொசு முட்டையிடும் என்பதால், வாரம் ஒருமுறையாவது நீரைக் கொட்டிவிட வேண்டும்.

எப்படி வளர்ப்பது?

தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். மணல் 2 பங்கு, உடைத்த செங்கல் துண்டு 1 பங்கு, மட்கிய தொழுவுரம் 1 பங்கு கலந்து நிரப்பலாம். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், அதைத் தவிர்க்கவும். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, மண் முழுக்கக் காய்ந்த பிறகே நீர் விட வேண்டும். தொட்டியில் வெள்ளையாக உப்புப் படிந்தால், நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி அடியில் வடியவிட வேண்டும். யூரியா போட்டால் இலை பச்சையாகக் கொழுத்து நிறம் மங்கும். நல்ல வெளிச்சமும் குறைந்த நீரும் இருந்தால்தான் சிவப்பு ஏறும்.

2023 டிசம்பரில் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. வறட்சியைத் தாங்கும் செடி அப்படிப்பட்ட மழையில் தப்பாது. ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டிகளைத் திண்ணைக்கு மாற்றிவிட வேண்டும். தரையில் நடுவதாக இருந்தால் ஓர் அடி உயர மேடு அமைத்து நடலாம்.

அழுகத் தொடங்கிய செடியில், நல்ல பாகம் தெரியும்வரை தண்டை வெட்டி, நிழலில் நான்கைந்து நாள் உலர்த்திக் காய்ந்த மணலில் ஊன்றினால் சில பிழைக்கும்.

விற்பனை

கற்றாழையும் டிக்கியாவும் பக்கக் கன்று விடுபவை. ஒரு சாண் உயரம் வந்ததும் பிரித்து, வெட்டுக்காயத்தை உலர்த்தி நட்டால் போதும். விதைச் செலவு இல்லை. முதலில் 20 தொட்டிகளோடு தொடங்கி, ஒரு மழைக்காலம் தாண்டிய செடிகளை மட்டும் விற்றால் வாங்கியவர்கள் திரும்பி வருவார்கள்.

‘சோற்றுக்கற்றாழைக் கன்றை எங்களிடம் வாங்குங்கள், மடலை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்று யாராவது வந்தால் நிதானம் தேவை. வெட்டிய மடல் சீக்கிரம் கெடும், சுமையும் அதிகம். கொள்முதல் விலை, எடுக்கும் நாள், வண்டி வாடகை மூன்றும் எழுத்தில் இல்லாமல் ஏக்கர் கணக்கில் இறங்கக் கூடாது. அதற்கு முன், கிணற்று நீரின் உப்பு அளவைச் சோதிப்பது குறித்துக் கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியில் விசாரிப்பது நல்லது.