விலை சொல்லாத காகிதப் பூ

நவம்பர் பிறந்தால் போதும், இங்கிலாந்து கிராமங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம்.

ரொட்டிக் கடை, தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் வாசல் எங்கும் ஓர் உண்டியல் இருக்கும். பக்கத்தில் ஒரு தட்டு நிறையச் சிவப்புக் காகிதப் பூ!

"பூ என்ன விலை?" என்று கேட்டால் பதில் வராது. விலையே கிடையாது! மனசுக்குப் பட்டதைப் போடலாம். பூவை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு போகலாம். சின்னப் பையன் சில்லறை போட்டாலும் அதே பூதான், பெரிய பணக்காரர் நோட்டு போட்டாலும் அதே பூதான்.

அந்தக் காசு யாருக்கு? பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களுக்கும், திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கும்!

அதோடு முடிந்து விடவில்லை. நவம்பர் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே கூடுகிறது. ஊர் நடுவில் ஒரு கல் தூண், அல்லது கல் சிலுவை. அதில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிறார். சில ஊர்களில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு தடவை, மூன்று தடவை வரும். அத்தனையும் அண்ணன் தம்பிகள்!

மணி 11 ஆனதும் இரண்டு நிமிடம் மவுனம். பேச்சு இல்லை, மைக் இல்லை, மாலை மரியாதைக்கு அடிதடி இல்லை. குழந்தை அழுதால் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

1918 நவம்பர் 11 காலை 11 மணிக்கு முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் ஓய்ந்தன. மறு ஆண்டு அதே நாளில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வேண்டுகோள்படி முதல் மவுனம் அனுசரிக்கப்பட்டது. நூறு ஆண்டு தாண்டியும் அந்த வழக்கம் விட்டுப் போகவில்லை.

சமாதி இல்லாத பிள்ளைகள்

ஏன் விட்டுப் போகவில்லை? அதற்கு ஒரு காரணம் உண்டு.

அந்தப் போரில் பிரிட்டன் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைப் பலி கொடுத்தது. செத்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவர அரசு அனுமதிக்கவில்லை. விழுந்த இடத்திலேயே அடக்கம்! பணக்காரன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஏழை பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது என்பதும் ஒரு நோக்கம். பீரங்கிக் குண்டில் சிதறிப் போய், உடலே கிடைக்காதவர்களும் பல்லாயிரம் பேர்.

கிராமத்துத் தாய் என்ன செய்வாள்? கடல் கடந்து பிரான்சுக்குப் போய்ப் பிள்ளையின் சமாதியைப் பார்க்க அவளிடம் காசு ஏது? ஊர்க்காரர்கள் காசு போட்டுக் கல் நட்டார்கள். அந்தக் கல்தான் அவளுக்குச் சமாதி. பூ வைக்கவும், நின்று அழவும் அவளுக்கென்று ஓர் இடம் கிடைத்தது.

பிரிட்டனில் இப்படிப்பட்ட போர் நினைவுச் சின்னங்கள் சிறிதும் பெரிதுமாக ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அத்தனை பேரும் உயிரோடு திரும்பிய கிராமங்கள் ஏறத்தாழ ஐம்பதுதான் தேறும். அவற்றை 'நன்றியுள்ள கிராமங்கள்' என்று ஆர்தர் மீ என்ற எழுத்தாளர் 1930-களில் குறிப்பிட்டார்.

செத்தவர்களுக்குக் கல் கிடைத்தது. பிழைத்து வந்தவர்களுக்கு?

கையை இழந்தவர், காலை இழந்தவர், கண் போனவர் என்று வந்து சேர்ந்தார்கள். 1921-ல் பிரிட்டனில் வேலை இல்லாதவர்கள் 20 லட்சம் பேர். மெடல் குத்திய சட்டையோடு தெருவில் தீப்பெட்டி விற்றவர்கள் உண்டு. அந்த ஆண்டில்தான் முன்னாள் வீரர்களின் சங்கமான 'பிரிட்டிஷ் லீஜன்' பிறந்தது. போர்க்களத்தில் பூத்த பாப்பிப் பூவைத் துணியில் செய்து விற்றார்கள். முதல் ஆண்டே 90 லட்சம் பூ போச்சு! வசூல் ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுன்.

1922-ல் மேஜர் ஜார்ஜ் ஹவ்ஸன், ஊனமுற்ற ஐந்து முன்னாள் வீரர்களை வைத்துப் பூ செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஒரு கை மட்டும் இருப்பவரும் செய்யக் கூடிய விதத்தில் பூ அமைந்தது. பிச்சை போடவில்லை, வேலை கொடுத்தார்கள். கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்!

இதெல்லாம் போரைப் புகழும் கூத்து என்று சொல்கிறவர்கள் அங்கேயும் உண்டு. 1933-ல் கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தார் வெள்ளைப் பூ குத்திக் கொண்டார்கள். இனிமேல் போரே வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. சிவப்போ வெள்ளையோ, செத்தவர்களை மறக்கக் கூடாது என்பதில் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை.

இங்கே என்ன நிலைமை?

'அது வெள்ளைக்காரன் ஊர் சமாசாரம், நமக்கென்ன?' என்று தள்ளிவிட முடியாது. அந்தப் போருக்கு இந்தியாவில் இருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். செத்தவர்கள் சுமார் 74,000 பேர். 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்' என்று வெட்டிய கல் இந்தியக் கிராமங்கள் பலவற்றில் இருக்கிறது. வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே ஜனங்கள் சொல்வார்கள்.

சென்னையில் கோட்டைக்கும் நேப்பியர் பாலத்துக்கும் நடுவே போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறார்கள். அது ஏன் நிற்கிறது என்று எத்தனை பேர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள்?

கல் நடுவது தமிழனுக்குப் புது சங்கதியா? ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு நடுகல் எடுத்த ஊர்கள் இவை. செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்து நடுகற்களை இன்றும் பார்க்கலாம்.

உண்டியலும் இங்கே உண்டு. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாள். சிவப்பு, கருநீலம், வெளிர் நீலம் என மூன்று நிறத்தில் சின்னக் கொடி. போரில் ஊனமுற்றவர்களுக்கும், வீரர் குடும்பங்களுக்கும், முன்னாள் வீரர்களுக்கும் அந்தப் பணம் போகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நடப்பது என்ன?

மாவட்டத்துக்கு மாவட்டம் இலக்கு வைக்கிறார்கள். ஆபீஸில் சுற்றறிக்கை வருகிறது. 'தலைக்கு இவ்வளவு' என்று குமாஸ்தா எடுத்துக் கொடுக்கிறார். ரசீது கிடைக்கிறது, கொடி மேஜை டிராயருக்குள் போகிறது. இலக்கைத் தாண்டிய மாவட்டத்துக்குப் பாராட்டும் கிடைக்கிறது. எல்லாம் சரி, செத்தவன் பெயரை ஒருவராவது சொன்னார்களா?

பணம் குறைந்து போச்சு என்பதல்ல இங்கே குறை. கேட்டு வாங்குவதற்கும் தானாகக் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இங்கிலாந்து கிராமத்தில் உண்டியலைத் தூக்கி வருபவர் பக்கத்து வீட்டுக்காரர். இங்கே உண்டியலைத் தூக்கி வருவது உத்தரவு!

பென்ஷன் கொடுப்பது சர்க்காரின் கடமை. எந்த உண்டியலும் அதற்கு ஈடாகாது. ஆனால் சர்க்கார் கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. 'உன்னை மறக்கவில்லை அப்பா' என்று சொல்வது ஊர்தான் செய்ய வேணும்.

ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் படையில் இருந்து ஓய்வு பெறுகிறார்கள். பெரும்பாலோர் வயது 35, 40 தான். பிள்ளை பள்ளிக்கூடம் படிக்கும் வயது! வீட்டில் சும்மா உட்கார முடியுமா? பாங்கு வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறாரே, அவர் யார்? ஜவுளிக் கடை வாசலில் விறைப்பாக சல்யூட் அடிக்கிறாரே, அவர் யார்? பல இடங்களில் அவர் முன்னாள் பட்டாளத்துக்காரர். பனிமலையில் காவல் நின்றவராகவும் இருப்பார். தினமும் பார்க்கிற முகம்தான். பெயர் மட்டும் தெரியாது.

வருகிற டிசம்பர் 7-ல் ஒன்று செய்யலாம். கடைக்காரர் கல்லாப் பக்கம் ஓர் உண்டியல் வைக்கலாம். ஆபீஸ் போகிறவர் கொடியை டிராயரில் போடாமல் சட்டையில் குத்திக் கொள்ளலாம். கல் இருக்கிற ஊரில் பஞ்சாயத்தார் அதைக் கழுவி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்து பெயர்களைப் படிக்கச் சொல்லலாம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை, பெரிய செலவும் இல்லை.

பாங்கு வாசலில் நிற்பவரிடம், "எந்த ரெஜிமென்ட் அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அவர் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்!