வளைவு பேசுகிறது, வாயைப் பூட்டியவர் எவர்?

கோடம்பாக்கத்தைத் திரைப்படத்தின் ஊராகவே நாடறியும். 1948-இல் ஏவி.எம். நிலையம் காரைக்குடியினின்று அங்கு வந்தது. வேறு நிலையங்களும் அங்கே தழைத்தன. படப்பிடிப்பிற்கு உயிர் ஒளி. ஒளியைச் சிதறவிடாது நேர்க்கற்றையாய்ச் செலுத்த வேண்டுமெனின், விளக்கின் பின்னுள்ள கிண்ணம் பரவளைய வடிவாதல் வேண்டும்.

அவ் வளைவைத் தாளில் வரைந்து, 'இதன் சமன்பாடு யாது?' என வினவினால், பட்டம் பெற்ற தமிழிளைஞருள்ளும் பலர் விழிக்கின்றனர். ஆங்கிலத்தில் நெட்டுருச் செய்த வாய்பாடு நாவில் நிற்கின்றது; வளைவு கண்முன் நிற்கின்றது. இரண்டையும் இணைக்கும் எண்ணமோ பிறக்கவேயில்லை! பிறமொழியில் ஓதியது நாவோடு நின்றது, நெஞ்சினுள் புகவில்லை.

'உயர்கணக்கிற்குத் தமிழ் ஆகாது' என்று பிதற்றுவோர் இதனைக் காண்க. வாய் 60 செ.மீ., ஆழம் 15 செ.மீ. உள்ள கிண்ணம் ஒன்று. அதன் அடிமுனையைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்க. முனையினின்று கிடைத்தொலைவின் இருபடியை ஒரு கெழுவால் பெருக்கினால் உயரம் வரும். விளிம்பில் கிடைத்தொலைவு 30, அதன் இருபடி 900, உயரம் 15. ஆகவே கெழு 15/900, அஃதாவது 1/60. சமன்பாடு கிடைத்துவிட்டது! சரிபார்க்க வேண்டுமா? கிடைத்தொலைவு 18 எனின் உயரம் 324/60, அஃதாவது 5.4. வரைபடத்தில் அளந்து பார்க்கட்டும். கெழுவின் நான்மடங்கால் ஒன்றை வகுத்தால் 15. முனையினின்று 15 செ.மீ. உயரத்தில், குவியத்தில், விளக்கை வைத்தால் ஒளி நேர்க்கற்றையாய்ப் பாயும்.

இதில் எவ்விடத்தே தமிழ் தடுமாறிற்று? முனை, கெழு, இருபடி, குவியம் என ஒவ்வொரு சொல்லும் தன் பொருளைத் தானே சொல்கின்றது. 'பாரபோலா' ஆங்கிலச் சொல்லுமன்று. அப்பொலோனியசு என்னும் கிரேக்க அறிஞர் இட்ட பெயர். ஆங்கிலேயன் கடன் வாங்கினால் அறிவு. தமிழன் தன் சொல்லை ஆண்டால் வெறியா?

19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார் அமெரிக்கரான சாமுவேல் கிரீன். அயலாருக்கு இருந்த நம்பிக்கை தமிழர்க்கு இல்லாமற் போனது எத்துணை இழிவு!

ஒன்றையும் மறத்தலாகாது. நூலில் தமிழ்ச்சொல்லை அச்சிட்டுவிட்டு, வகுப்பில் வாய்பாட்டை மட்டும் ஒப்புவிக்கச் செய்வதும் அடிமைக் கல்வியே. வளைவை வரையச் செய்க. முனையைக் காணச் செய்க. ஒரு புள்ளியை இட்டுக் கெழுவைத் தாமே கண்டெடுக்கச் செய்க.

தமிழில் எண்ணும் மாணாக்கனே விளக்கைச் செய்வான். பிறமொழியில் ஒப்புவிப்பவன் அதைத் துடைத்துக் கொண்டிருப்பான்.