தத்துப் பிள்ளைக்கு லீவு: வயசு பார்க்கலாமா?

பெற்ற தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு. தத்தெடுத்த தாய்க்கு 12 வாரம். அதுவும் பிள்ளைக்கு மூன்று மாதம் நிறையாமல் இருந்தால்தான்!

2017-ம் ஆண்டு பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியபோது பார்லிமெண்டு போட்ட கணக்கு இது. 1961-ல் வந்த பழைய சட்டத்தில் தத்தெடுக்கும் பெண்ணைப் பற்றிப் பேச்சே கிடையாது. அந்த வகையில் 12 வாரம் என்பது நல்ல காரியம்தான். ஆனால், கூடவே ஒரு வயசுக் கோட்டையும் போட்டார்களே, அதில்தான் வந்தது வம்பு.

மூன்று மாதத்துக்குள் பிள்ளை கைக்கு வந்து சேருமா?

பெற்றவள் பிள்ளையை ஒப்படைத்தால், மனசு மாறித் திரும்பக் கேட்பதற்கு அவளுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அநாதையாகக் கிடைத்த பிள்ளை என்றால், பெற்றவர்களைத் தேட வேண்டும். இரண்டு வயசு வரை உள்ள பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்க இரண்டு மாதம், அதற்கு மேல் வயசு என்றால் நாலு மாதம் என்று 2015-ம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது. இதெல்லாம் பிள்ளையின் நன்மைக்காகத்தான். அவசரப்படக் கூடாது, சரி. அதன் பிறகுதானே டாக்டர் சர்டிபிகேட், பெற்றோர் தேர்வு எல்லாம்!

ஒரு சட்டம் பொறு என்கிறது. இன்னொரு சட்டம் நேரமாகிவிட்டது என்றது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் தாய்!

2020-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே மூன்று மாதத்தை அப்படியே எழுதி வைத்தார்கள். தத்தெடுத்த தாய் ஒருவர் 2021-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார்.

மத்திய சர்க்கார் தன் ஊழியர்களிடம் கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொண்டது. தத்தெடுக்கும் தாய்க்கு 180 நாள், தகப்பனுக்கு 15 நாள் என்று 2009-ல் உத்தரவு போட்டது. ஆனால் அங்கேயும் பிள்ளை ஒரு வயசுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கோடு!

பெற்ற உடம்பு தேறத்தானே லீவு, இவளுக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். உடம்பு தேற மட்டும் என்றால் 26 வாரம் எதற்கு? பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தானே!

கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் தூங்கிவிடும். நாலு வயசுப் பிள்ளை அப்படியா? விடுதியில் வளர்ந்தது. புது வீடு, புது முகம். ராத்திரி திடுக்கென்று எழுந்து அழும். "அம்மா" என்று கூப்பிடவே நாள் பிடிக்கும். அந்த நேரத்தில் அம்மா ஆபீசுக்கும் அப்பா கடைக்கும் ஓடினால், பிள்ளை யாரிடம் ஒட்டும்? வயசான பிள்ளையைத் தத்தெடுக்க முன்வருகிறவர்கள் குறைவு. அவர்களுக்கல்லவா முதலில் கை கொடுக்க வேண்டும்?

சட்டம் சொல்வது குறைந்தபட்சக் கணக்கு. அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று யாரும் முதலாளியின் கையைக் கட்டிப்போடவில்லை. போனசுக்கும் பஞ்சப்படிக்கும் போராடும் யூனியன்கள், அடுத்த ஒப்பந்தத்தில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கட்டும். தகப்பனுக்கும் சேர்த்தே கேட்கட்டும்.

பிள்ளை வீட்டுக்கு வந்த நாள்தான் அதற்குப் பிறந்த நாள். லீவுக் கணக்கை அன்றிலிருந்து எண்ணுவதுதான் நியாயம்!