மலைப்பனியும் வள்ளூர்க் கிணறும்

இமயமலையில் பனியாறுகள் உருகிக் குறைந்து வருகின்றன என்ற செய்தியைக் கேட்கும்போது, தென்னாட்டுக் குடியானவர்களில் அநேகர், "அது கங்கைக் கரையாரின் கவலை, நமக்கென்ன?" என்று சொல்லிவிடுவது வழக்கம். அவ்வாறு சொல்வதில் ஒருவகை நியாயமும் உண்டு. கங்கையும் சிந்துவும் பனியிலிருந்து ஓரளவு நீர் பெறுபவை. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் மழையை மட்டுமே நம்பியவை. இமயத்தில் உருகும் ஒரு துளியும் வள்ளூர் அணைக்கட்டை வந்தடையப் போவதில்லை. ஆயினும் பொன்னேரி தாலூகாவின் கடலோரக் கிராமங்களில் நிலம் வைத்திருப்போர் எவரும் அச்செய்தியை அயலார் செய்தியென்று தள்ளிவிடலாகாது. மலைப்பனிக்கும் இவ்வட்டாரத்துக் கிணற்றுக்கும் உள்ள சம்பந்தம் ஆற்றின் வழியாக ஏற்பட்டதன்று. கடலின் வழியாக ஏற்பட்டது.

பனியாறு என்பது ஆண்டுக்கணக்காகப் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, தன் பாரத்தால் மலைச்சரிவில் மெதுவாக நகர்ந்து வருவதாகும். கங்கோத்ரிப் பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் முனையாகிய கோமுகம் 1935-ம் ஆண்டிற்குப் பின் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. இமயமலைத் தொடரிலும் அதையடுத்த மலைகளிலும் 2011 முதல் 2020 வரையில் பனியாறுகள் குறைந்த வேகம், அதற்கு முந்திய பத்தாண்டுகளின் வேகத்தைவிட 65 சதவிகிதம் அதிகமென்று காட்மாண்டுவிலுள்ள சர்வதேச மலைவள ஆராய்ச்சி நிலையம் 2023-ல் வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே சிக்கிமில் பனியுருகித் தேங்கிய தெற்கு லோனாக் ஏரி உடைத்துக்கொண்டு, தீஸ்தா நதியின் மீது கட்டப்பட்டிருந்த பெரிய அணையொன்றை அடித்துச் சென்றது.

உருகிய நீர் யாவும் இறுதியில் கடலைச் சேர்கிறது. கடலில் மிதக்கும் பனிக்கட்டி உருகுவதால் கடல்மட்டம் உயர்வதில்லை. ஏனெனில் அதன் பாரத்தைக் கடல் முன்னமே தாங்கி நிற்கிறது. நிலத்தின்மேலுள்ள பனி உருகினாலோ, அத்தனை நீரும் கடலுக்குப் புதுவரவேயாகும். உலகின் மலைப்பனியும், கிரீன்லாந்து, அண்டார்டிகா ஆகிய பிரதேசங்களின் நிலப்பனியும் உருகுவதாலும், வெப்பத்தால் கடல்நீரே விரிவதாலும், 1901 முதல் 2018 வரையில் உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர், அதாவது சுமார் 8 அங்குலம் உயர்ந்துள்ளது. இப்போதைய வேகம் ஆண்டொன்றுக்கு 3 மில்லிமீட்டருக்கும் அதிகம். இது அற்பமென்று தோன்றலாம். கரையோரக் கிணற்றின் கணக்கு வேறு.

நன்னீர் உப்புநீரைவிட இலேசானது; ஆகையால் மண்ணுக்கடியில் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், அம்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் தங்கும் என்பது விஞ்ஞான சாஸ்திரிகள் கண்ட கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், காலக்கிரமத்தில் கீழே 40 அடி உப்புநீர் மேலேறும். ஆகவே கிணற்றின் தன்மையை நிர்ணயிப்பது, உள்ளிருக்கும் நன்னீர் மட்டத்திற்கும் வெளியிலிருக்கும் கடல்மட்டத்திற்கும் இடையேயுள்ள வித்தியாசமேயாகும். நாம் இறைப்பதால் ஒன்று தாழ்கிறது. பனி உருகுவதால் மற்றொன்று உயர்கிறது. இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள்.

இதற்கு மீஞ்சூரே சாட்சி. நகரத்தின் உபயோகத்திற்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் 1960-களின் பிற்பகுதி முதல் அங்கு ஆழ்குழாய்க் கிணறுகள் பல இறக்கப்பட்டன. வயல்களிலும் மோட்டார்கள் பெருகின. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்திற்கும் கீழே இறங்கிற்று. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரம் வந்திருந்த உப்புநீர், 1983-ல் சுமார் 7 கிலோமீட்டர் தூரம் உட்புகுந்தது. பின்னர் 10 கிலோமீட்டரையும் கடந்தது. 1987-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 2010-ல் அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் நகரத்திற்கு நன்னீர் ஈந்த பூமியிலேயே, இன்று பெருஞ்செலவில் உப்பைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. இதுவரை நேர்ந்த கேட்டிற்கு முக்கிய காரணம் கடல் உயர்ந்ததன்று, மிதமிஞ்சி இறைத்ததேயாகும். ஆனால் முன்னமே தாழ்ந்துவிட்ட தட்டின்மீது, எதிர்த்தட்டின் உயர்வும் இப்போது சேருகிறது என்பதே கவலைக்கிடம்.

கடல் உயர்வதற்கான காரணமும் இவ்வட்டாரத்திற்குத் தூரமானதன்று. நிலக்கரி முதலியவற்றை எரிப்பதால் உண்டாகும் கரியமில வாயு, ஆகாயத்தில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக முற்காலத்தில் இருந்தது. இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. அது பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் தடுத்துப் பனியை உருக்குகிறது. வள்ளூரில் நிறுவப்பட்டுள்ள 1,500 மெகாவாட் அனல்மின் நிலையமும், அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையமும் நிலக்கரியாலேயே இயங்குகின்றன. 5 குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று 8 மணி நேரம் ஓடினால் சுமார் 30 யூனிட் மின்சாரம் செலவாகும். அதனை அனல்மின் நிலையத்தில் உற்பத்தி செய்யச் சுமார் 20 கிலோ நிலக்கரி வேண்டும். பம்புசெட்டுக்கு மின்சாரம் இனாமாயிருப்பதால் இக்கணக்கு எவர் கண்ணிலும் படுவதில்லை. வேண்டாத நேரத்தில் ஓடும் மோட்டார் உள்ளே நன்னீரைத் தாழ்த்துகிறது. வெளியே கடலை உயர்த்துவதிலும் அணுவளவு பங்கு கொள்கிறது.

இதற்கெல்லாம் குடியானவன்மீது பழி சுமத்துவது தர்மமாகாது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், இந்தியர் வெளியிடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. செல்வந்த தேசங்களும் பெருந்தொழில்களுமே பெரும் பொறுப்பாளிகள். அவர்களைக் கட்டுப்படுத்துவது சர்க்கார்களின் கடமை. அதனை வற்புறுத்திக் கேட்பது குடிகளின் உரிமை. ஆயினும், "அவர்கள் திருந்தட்டும், பிறகு பார்க்கலாம்" என்று காத்திருப்பவனுடைய கிணறு காத்திராது. ஒருமுறை உவரேறிய நீரூற்று மீண்டும் நன்னீராகப் பல ஆண்டுகள் செல்லும். கடலின் தட்டு நம் ஒருவர் கைக்கு எட்டாதது. நன்னீரின் தட்டு நம் கையிலேயே இருக்கிறது.

ஆகவே நிலச்சொந்தக்காரர்கள் நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதையும், கோடையில் நீர் அதிகம் வேண்டாத பயறு, எள் முதலியவற்றைப் பயிரிடுவதையும் கைக்கொள்ள வேண்டும். புரட்டாசியில் மழைக்கு முன்பும், தையில் மழைக்குப் பின்பும் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதன் உப்பளவைக் குறித்து வைப்பது அவசியம். உவரைத் தாங்கும் திருச்சி 3, கோ 43 முதலிய நெல் ரகங்களும், தக்கைப்பூண்டு உரமும் ஓரளவு உதவும். எனினும் அவை அவகாசம் தருமேயொழிய நோயைத் தீர்க்கமாட்டா. சூரிய சக்தி பம்பு நிலக்கரியை மிச்சப்படுத்தும். ஆனால் செலவில்லையென்று பகல் முழுதும் இறைத்தால் கிணற்றுக்கு யாதொரு லாபமும் இல்லை.

கிராம அதிகாரிகளின் பங்கு இதனினும் பெரிது. ஏரிகளின் வரத்துக்கால்களில் ஆக்கிரமிப்பை அகற்றுவதும், மதகையும் கலங்கலையும் ஐப்பசிக்கு முன் செப்பனிடச் செய்வதும், ஆற்று மணலைக் களவாடுவோரைத் தடுப்பதும், அனுமதியின்றிப் புதுக்கிணறு இறக்குவதை உடனே மேலிடத்திற்குத் தெரிவிப்பதும் வெறும் தஸ்தாவேஜு வேலையல்ல. ஏரியில் தங்கும் ஒவ்வோர் அடி நீரும் பூமிக்குள் இறங்கிக் கடலை எதிர்த்து நிற்கும் காவலாகும். பக்கத்து நிலத்துக்காரன் இறைப்பதை நிறுத்தாமல் ஒருவன் மட்டும் நிறுத்திப் பயனில்லையாதலால், கிராமத்தார் யாவரும் ஒருங்கே கூடி இறைப்புக்கு ஒரு வரம்பு வகுத்துக்கொள்வதே சிலாக்கியம்.

இமயத்துப் பனியைக் காக்க வள்ளூர்க் குடியானவனால் தனித்து ஆகாது. ஆனால் அது உருகிக் கடலாக வந்து கிணற்றடியில் நிற்கும் நாளில் உள்ளே நன்னீர் இருக்குமா இராதா என்பது, அவனும் அவனுடைய ஊராரும் இன்று செய்வதைப் பொறுத்திருக்கிறது. வரும் பருவமழைக்கு முன்னரே இவ்வேலையைத் தொடங்குதல் நலம்.