சைகோனிலிருந்து வந்த பெட்டி



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். இளைஞர் ஒருவர் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். அவிழ்த்துப் பார்த்தால், உள்ளங்கை அளவுள்ள கறுப்புப் பெட்டி. அதனுள் மூன்று துண்டுகளாகக் கழற்றக்கூடிய பழைய சவரக் கருவி. அருகில் முடி உதிர்ந்த ஒரு தூரிகை.

“எங்கள் பாட்டியுடைய அப்பாவின் சொத்து, சாமி. சைகோனில் சொல்தாவாக இருந்தபோது வாங்கியதாம். பாட்டியின் பிறந்த நாளுக்குள் இதைப் புதிதுபோல் ஆக்கிக் கொடுக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறப்போடலாமா?” என்று கேட்டார்.

“பொறு தம்பி” என்று தடுத்தேன். தடுத்ததற்குக் காரணம் என் சொந்தப் பாவமே. குருமடத்தில் படித்த நாளில் விடுமுறைக்கு வீடு சென்றபோது, தந்தையாரை மகிழ்விக்க எண்ணி, அவருடைய சவரப் பெட்டியின் மீது கொதிக்கும் நீரை ஊற்றினேன். அது சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டி. அழுக்கும் போயிற்று, மூடியும் அப்பளம்போல் நெளிந்தது. தந்தையார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெட்டிக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டார். இறக்கும் வரையில் அந்த வளையத்தோடுதான் அதை வைத்திருந்தார்.

நம் புதுவைப் பகுதியில் இத்தகைய பெட்டிகள் பல வீடுகளின் டிரங்குகளில் இன்னும் உறங்குகின்றன. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்தது. நம்மவர் பலர் படையிலும் அலுவலகங்களிலும் பணிபுரிய இந்தோசீனாவுக்குக் கப்பலேறினர். கழற்றி மாட்டும் பிளேடுள்ள இக்கருவியை அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவ்வாண்டு முழுவதிலும் விற்றவை 51 கருவிகள்தாம். முதல் உலகப் போரின்போதோ அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக 35 லட்சம் கருவிகள் வாங்கியது. நாவிதரின் கைக்கத்தியையே நம்பியிருந்த உலகம், போர்வீரனின் பைவழியாகத்தான் இதற்குப் பழகியது.

சுத்தம் செய்ய விரும்புவோர் முதலில் பெட்டி எந்தப் பொருளால் ஆனது என்று அறிய வேண்டும். கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். கார்பாலிக் சோப்பின் நெடி வந்தால் அது பேக்லைட். பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லண்ட் 1907இல் கண்டுபிடித்த பொருள் அது. கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. சிலர் ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செல்லுலாய்டானால் குப்பென்று தீப்பற்றிக்கொள்ளும். அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டுப் பெட்டியைப் பீடத்து மெழுகுவர்த்தி அருகிலும் வைக்காதீர்கள். பிசுபிசுத்துப் புளித்த நெடி வீசத் தொடங்கினால் அது சிதைகிறது என்று பொருள். அதிலிருந்து எழும் ஆவி உள்ளிருக்கும் உலோகத்தையும் அரிக்கும். ஆகவே கருவியை உடனே வேறிடத்தில் வையுங்கள்.

என் தந்தையாருடையதுபோல் பளபளப்பாக, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பெட்டிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். கொதிநீரும் ஆகாது, பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு அகற்றும் திரவம் எவையும் ஆகா. அவை பட்டால் மேற்பரப்பு கரையும் அல்லது நுண்ணிய வெடிப்புகள் விடும். எந்தப் பெட்டியானாலும் ஆறிய நீர், சிறிது சோப்பு, மென்மையான பழைய பல்துலக்கி போதும். பேக்லைட்டுக்குள் மரத்தூள் கலந்திருக்கும். மேல் மெருகு தேய்ந்த பெட்டி நீரை உறிஞ்சிவிடும். ஊறவைக்காமல் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

கருவியைத் தொடுமுன் உள்ளே பிளேடு இருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த பிளேடு இருந்தால் இடுக்கியால் எடுத்துத் தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். பிறகு கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவிடலாம். வெள்ளையாய்க் கெட்டிப்பட்ட சோப்புப் படிவு அதற்கும் போகாவிட்டால், வினிகரும் நீரும் சரிபாதி கலந்து ஓரிரு நிமிடம் வைத்து நன்கு அலசுங்கள். நம் வீட்டுப் பெண்மணிகள் புளியையும் சாம்பலையும் எடுத்து வருவார்கள். குத்துவிளக்குக்கு அவை நல்லவையே. ஆனால் இக்கருவிகள் பல, பித்தளைமேல் நிக்கல் முலாம் பூசியவை. முலாமோ மிக மெல்லியது. சாம்பல் அதைத் தேய்த்துவிடும். மலிவான சிலவற்றின் தலை துத்தநாகக் கலவையால் ஆனது. அதற்குப் புளிப்பே பகை.

தூரிகையை மட்டும் அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், முகத்தில் வைக்காதீர்கள். முதல் உலகப் போர்க்காலத்தில் சரியாகச் சுத்திகரிக்கப்படாத குதிரைமயிர்த் தூரிகைகளால் அடைப்பான் நோய் பரவி வீரர்கள் சிலர் மாண்டனர். அந்நோயின் வித்துகள் நெடுங்காலம் உயிரோடிருக்கக் கூடியவை.

நம் இளைஞரின் பெட்டியோ கார்பாலிக் நெடி வீசிற்று. இரண்டு மாலைகள் திண்ணையிலேயே வேலை நடந்தது. கருவி துலங்கியது, ஆனால் கைப்பிடியில் ஓரிடத்தில் நிக்கல் போய், பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. “புதுச்சேரியில் முலாம் போடக் கொடுத்துவிடலாமே, சாமி?” என்றார். புது முலாம் பூச வேண்டுமானால் பழையதை நீக்கி, உலோகத்தை இழைத்து மெருகேற்ற வேண்டும். கைப்பிடியின் வரிகளும் அடியிலுள்ள எழுத்துகளும் மழுங்கிவிடும். அதைவிட, தேய்ந்திருந்த அந்த இடத்தில் அவருடைய கட்டைவிரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். சரியாகப் பொருந்தியது. முலாம் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

பிறந்த நாளன்று நானும் போயிருந்தேன். பாட்டிக்கு எண்பது கடந்துவிட்டது. பெட்டியைத் திறந்தவர் கருவியைப் பார்க்கவில்லை. மூடியின் உட்புறத்தையே தடவிக்கொண்டிருந்தார். அங்கே நான்கு சிறு பள்ளங்கள் இருந்தன. எதற்கென்று எங்களுக்கு விளங்காமல் இருந்தவை அவை.

“இங்கே ஒரு கண்ணாடி இருந்தது, சாமி. நான் எட்டு வயதில் எடுத்து விளையாடி உடைத்துவிட்டேன். அப்பா கேட்டபோது தம்பியைக் காட்டிவிட்டேன். அவனுக்குத்தான் அடி விழுந்தது” என்றார்.

தம்பி பிரான்சில் இருக்கிறாராம். அன்று மாலையே தொலைபேசியில் அவரை அழைத்துத் தரும்படி பேரனைக் கேட்டுக்கொண்டார்.