பள்ளிக்கரணை: 1 கி.மீ.யை எங்கிருந்து அளப்பது? - ஜிஐஎஸ் செய்யும் வேலை என்ன?

ஓஎம்ஆர் பக்கம் ஃபிளாட் தேடுபவர்கள் முதலில் திறப்பது கூகுள் மேப்பைத்தான். ஆபீஸ் எவ்வளவு தூரம், பக்கத்தில் ஸ்கூல் இருக்கா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஆனால், அந்த மனை சதுப்பு நிலத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது தெரியாது.

பள்ளிக்கரணை ராம்சர் பகுதியிலும் அதைச் சுற்றி 1 கி.மீ. வரையிலும், ஆய்வு முடியும்வரை புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு உத்தரவிட்டது. உடனே எழுந்த கேள்வி: எல்லையே களத்தில் உறுதியாகவில்லை என்றால், 1 கி.மீ.யை எங்கிருந்து அளப்பது?

இந்தக் கணக்கைப் போடும் கருவிதான் ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் அமைப்பு.

ஒன்றன்மேல் ஒன்றாக...

டிரேசிங் பேப்பர்களை அடுக்கி வைப்பதுபோல நினைத்துக்கொள்ளலாம். ஒரு தாளில் சர்வே எண்கள், இன்னொன்றில் கால்வாய்கள், மற்றொன்றில் நிலத்தின் உயரம், அடியில் செயற்கைக்கோள் படம். இவற்றை ‘லேயர்’ என்கிறார்கள். எல்லாமே அட்சரேகை, தீர்க்கரேகையால் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஓர் அட்டவணை இருக்கும்: பட்டாவா, புறம்போக்கா, பரப்பு எவ்வளவு என்று. அதனால் ‘இந்த எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் வரும் சர்வே எண்கள் எவை?’ என்று கேட்டால் சில நொடிகளில் பட்டியல் வந்துவிடும்.

அப்புறம் ஏன் இழுபறி?

தாள்கள் அவ்வளவு எளிதில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. வருவாய்த் துறையின் பழைய புலப்படங்கள் சங்கிலி பிடித்து அளந்து காகிதத்தில் வரைந்தவை. அவற்றில் அட்சரேகை எல்லாம் கிடையாது. ஸ்கேன் செய்து, எல்லைக்கல், சாலை முனை போன்ற தெரிந்த புள்ளிகளில் ‘பின்’ குத்தித்தான் செயற்கைக்கோள் படத்தின்மேல் உட்கார வைக்க வேண்டும். சில மீட்டர் நகர்ந்தாலும் ஒரு வீடு உள்ளேயோ வெளியேயோ போய்விடும்.

சதுப்பு நிலமோ இன்னும் சிக்கல். மே மாதப் படத்தில் காய்ந்த தரை. டிசம்பர் படத்தில் ஏரி. எந்தப் படத்தை வைத்துக் கோடு போடுவது? நேரில் போய்ப் பார்க்கும் களச் சரிபார்ப்பு இல்லாமல் அந்தக் கோட்டை நம்ப முடியாது.

பள்ளிக்கரணையில் காப்புக்காடாக இருப்பது சுமார் 698 ஹெக்டேர். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததோ 1,248 ஹெக்டேர். மீதி 550 ஹெக்டேரில் எந்தெந்த சர்வே எண்கள் வருகின்றன என்பதில்தான் சண்டை. ஒருபக்கம் கடன் வாங்கி வீடு புக் செய்தவர்கள். இன்னொரு பக்கம் 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் தவித்த வேளச்சேரி, பெரும்பாக்கம்வாசிகள். வரைபடத் தகராறுதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

நாமே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். அரசின் இ-சேவை தளத்தில் சர்வே எண் கொடுத்தால் புலப்படம் கிடைக்கும். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த்தைத் திறந்தால் அதே இடத்தின் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். 2005-ல் அங்கே தண்ணீர் நின்றதா என்பது தெரிந்துவிடும். இரண்டையும் ஒன்றாக்க கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இப்படிப் போடும் கோடு சட்டப்படி செல்லாது. அரசு அறிவிக்கும் சர்வே எண் பட்டியல்தான் செல்லும். ஆனால், பில்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரியும். முதலில் கேட்க வேண்டியது சர்வே எண். பளபளப்பான பிரோஷரில் இருக்கும் மேப்பில் பெரும்பாலும் அது மட்டும் இருக்காது.